நாலு ரேம் போட்டால் வேகம் குறைவது போர்டின் கோளாறா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். ரைசன் 9 9950எக்ஸ் பிராசஸர், எக்ஸ்870ஈ சிப்செட் உள்ள விலை உயர்ந்த மதர்போர்டு, டிடிஆர்5-6000 என்று போட்ட 32 ஜிபி ரேம் நாலு. இரண்டு இரண்டாக வரும் பெட்டியில் இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறீர்கள். ரேமை அட்டையில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்தால் திரையே வரவில்லை, போர்டில் ரேமுக்கென்று இருக்கும் டிராம் விளக்கு எரிந்தபடி நிற்கிறது. ஆஃப் செய்தால் 3600 வேகத்தில் ஓடுகிறது, அப்போதும் சில நாள் 128 ஜிபிக்குப் பதிலாக 96 ஜிபி காட்டுகிறது. மெக்கானிக்கல் கீபோர்டு பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங் பக்கம்) போக டெலீட் அழுத்தும்போது வேலை செய்வதில்லை, விண்டோஸ் வந்த பிறகும் நடுநடுவே விட்டுப்போகிறது. "இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் மேலே உள்ள போர்டை வாங்கட்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் பல வருஷமாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இப்போதைக்குப் போர்டை மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன தொந்தரவுகளில் ஒன்று தொந்தரவே இல்லை, அந்த பிராசஸரின் இயல்பு. ஒன்று உண்மையான கோளாறு, ஆனால் எங்கே இருக்கிறது என்று சோதித்தால்தான் தெரியும். கீபோர்டு விஷயம் பெரும்பாலும் பயாஸ் செட்டிங்கில் முடிந்துவிடும். இவற்றைச் சேர்த்துப் பார்த்ததால்தான் போர்டே மோசம் என்று தோன்றுகிறது.

3600 வேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ரேமைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மதர்போர்டில் இல்லை, பிராசஸருக்குள் இருக்கிறது. போர்டு செய்வது, அந்த பிராசஸரிலிருந்து ஸ்லாட் வரை கம்பித்தடம் போட்டுக் கொடுப்பது மட்டும்தான். உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ அளவு, இரண்டு ரேம் போட்டால் டிடிஆர்5-5600, நாலு போட்டால் டிடிஆர்5-3600. ஆக, எக்ஸ்போ இல்லாமல் 3600-இல் ஓடும் உங்கள் போர்டு சொன்னபடிதான் நடக்கிறது. ரேம் அட்டையில் இருக்கும் 6000 என்பது ரேம் கம்பெனி இரண்டு ரேமை வைத்துச் சோதித்துக் கொடுத்த ஓவர்கிளாக் அளவு, அதாவது அதிகாரபூர்வ அளவுக்கு மேல் ஏற்றிய வேகம். எக்ஸ்போ, எக்ஸ்எம்பி இரண்டுமே அந்த ஓவர்கிளாக் அளவுகளை ஒரே சொடுக்கில் போட்டுவிடும் வசதிதான்.

ஒரே சேனலில், அதாவது பிராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் ஒரே பாதையில், இரண்டு ரேம் தொங்கும்போது சிக்னலுக்குச் சுமை கூடுகிறது, கிளையும் கூடுகிறது. பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுகளில் தடம் முதலில் ஒரு ஸ்லாட்டைத் தொட்டு அடுத்ததில் முடியும். அதனால்தான் இரண்டு ரேம் மட்டும் போடுகிறவர்களை ஏ2, பி2 ஸ்லாட்டில் போடச் சொல்கிறார்கள். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும். தடத்தின் கடைசி முனையில் ரேம் உட்கார்ந்தால் சிக்னல் சுத்தமாகப் போகும். மாற்றிப் போட்டால் காலியாகக் கிடக்கும் மிச்சத் தடத்திலிருந்து சிக்னல் எதிரொலித்துத் திரும்பும். உங்கள் 32 ஜிபி ரேம்கள் பெரும்பாலும் இரட்டை ரேங்க் கொண்டவை, அதாவது ஒரே ரேமில் இரண்டு தொகுதி சிப்கள். அப்படியானால் நாலும் சேர்ந்து எட்டு ரேங்க், கன்ட்ரோலருக்கு இதைவிடப் பெரிய சுமை இந்த சாக்கெட்டில் கிடையாது.

இதோடு இரண்டு பெட்டி விஷயமும் சேர்கிறது. ஒரே மாடல் எண் இருந்தாலும் இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரே சிப் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாடல் பெயரை மாற்றாமலே உள்ளே சிப்பை மாற்றும் வழக்கம் ரேம் தொழிலில் உண்டு. ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை, அடுத்த பெட்டியோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. 128 ஜிபி வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் 64 ஜிபி ரேம் இரண்டாக வரும் பெட்டியை வாங்குவதுதான் நேர்வழி. 96 போதும் என்றால் 48 ஜிபி இரண்டு. திருப்பிக் கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறதென்றால் போர்டை விட்டுவிட்டு ரேமைத் திருப்பிக் கொடுங்கள்.

வேகம் குறைந்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு சேனலும் சேர்ந்து ஒரு தடவைக்கு 16 பைட் போகும். 6000-இல் நொடிக்கு 96 ஜிபி, 3600-இல் 57.6 ஜிபி. காகிதத்தில் பெரிய வித்தியாசம்தான். ஆனால் நூறு ஜிபிக்கு மேல் கேட்கும் வேலைகளில், ரேம் போதாமல் எஸ்எஸ்டிக்கு எழுதிப் படிக்க ஆரம்பித்தால் வரும் தாமதம் இதைவிடப் பல மடங்கு. கொள்ளளவு அவசியமென்றால் 3600-ஐ ஏற்றுக்கொள்வது தப்பே இல்லை. கொஞ்சம் ஏற்றிப் பார்க்க ஆசையென்றால் எக்ஸ்போவைத் தொடாமல் 4000, 4400, 4800 என்று கையால் படிப்படியாக ஏற்றுங்கள். நாலு ரேமில் 4800, 5200 என்று நிலையாக ஓடும் மெஷின்களும் உண்டு, ஓடாதவையும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதைச் சோதனைதான் சொல்லும். ஒன்றை மட்டும் கவனமாக இருங்கள், நிலைக்கவில்லை என்று எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் ரேம் கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டிலேயே கருகிய சம்பவங்களுக்குப் பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்தது.

திரை வராமல் நின்றது பற்றியும் சொல்லவேண்டும். ரேமையோ அதன் வேகத்தையோ மாற்றியதும் போர்டு ஒவ்வொரு தடத்துக்கும் நேர அளவுகளைத் தேடிப் பிடிக்கும். மெமரி டிரெயினிங் என்பது இதுதான். டிடிஆர்5-இல், அதிலும் 128 ஜிபி போட்ட, உங்களுடையது போன்ற ஏஎம்5 சாக்கெட் போர்டில், இது சில நிமிஷம் பிடிக்கும். அத்தனை நேரமும் திரை கருப்பாக இருக்கும், டிராம் விளக்கு எரியும், கீபோர்டுக்கும் உயிர் இருக்காது. மெஷின் செத்துவிட்டது என்று பதறி ஸ்விட்சை அணைத்தால் அடுத்த தடவை மொத்தமும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். குறைந்தது பதினைந்து நிமிஷமாவது தொடாமல் விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் அதே விளக்கு நின்றால் 6000 உங்கள் நாலு ரேமுக்கு ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சிமாஸை, அதாவது சேமித்திருக்கும் பயாஸ் செட்டிங்குகளை, கிளியர் செய்துவிட்டு பழைய நிலைக்கு வந்துவிடுங்கள். டிரெயினிங் முடிவைச் சேமித்து வைத்து அடுத்த பூட்டில் தவிர்க்கும் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர்' என்ற செட்டிங்கைச் சோதனை முடியும்வரை ஆஃபில் வையுங்கள். தட்டுத்தடுமாறி ஓடும் ரேமில் அது ஆனில் இருந்தால் ஒரு நாள் ஓடும், மறுநாள் நீலத்திரை வரும்.

இப்போது அந்த 96 ஜிபி. நான் உண்மையான கோளாறு என்று சொன்னது இதைத்தான். பயாஸ் முகப்பில் எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். பயாஸில் 128 இருந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால் ரேமைத் தொடவே வேண்டாம். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் பூட் பகுதியில் 'மேக்ஸிமம் மெமரி' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பயாஸிலேயே 96 என்றால் ஒரு ரேம் முழுசாகக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சில நாள் தெரிகிறது, சில நாள் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் எங்கோ தொடர்பு லேசாக இருக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

கரண்டை அணைத்து வயரைப் பிடுங்கிவிட்டு நாலையும் கழற்றுங்கள். உயர்ரக போர்டுகளில் பலவற்றில் கிளிப் ஒரு பக்கம்தான் இருக்கும். கிளிப் மடங்கி 'டக்' என்றதும் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம், கிளிப் இல்லாத முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கியபடி நிற்கும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், ரேமின் தங்க நிறக் கோடு ஸ்லாட்டுக்கு மேலே ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தெரிந்தால் அது சாய்ந்திருக்கிறது. இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்துச் சமமாக அழுத்துங்கள்.

அப்புறம் ஒவ்வொரு ரேமாக ஏ2-வில் தனியாகப் போட்டு பூட் செய்யுங்கள். நாலும் தனித்தனியாக ஓடினால், நன்றாக இருக்கும் ஒன்றை எடுத்து ஏ2-வோடு சேர்த்து மற்ற ஸ்லாட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழுது ரேமோடு கூடவே நகர்ந்தால் ரேமில் கோளாறு. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் நின்றால் அந்த ஸ்லாட், அல்லது அதிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழி. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிரெயினிங் நேரம் காத்திருக்கவேண்டும். இருந்தாலும் இதைச் செய்யாமல் யாராலும் பழுது எங்கே என்று உறுதியாகச் சொல்லமுடியாது.

ஸ்லாட்டில் நின்றது என்றால் உடனே போர்டைச் சபிக்கவேண்டாம். ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்கள், அவை பிராசஸரில் இல்லாமல் போர்டில் இருக்கின்றன. ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றாலும் ஒரு ரேமோ ஒரு முழு சேனலோ காணாமல் போகும். கூலரை ஒரு பக்கம் மட்டும் முறுக்கி இறுக்கினால் பிராசஸர் ஒருபுறமாக அழுந்தி இதே விளைவு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் கூலர் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பிராசஸரை எடுத்து சாக்கெட்டின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக இருக்கும் பின்கள் வரிசையாக ஒரே மாதிரி மின்னும். வளைந்தது மட்டும் வேறு திசையில் மின்னும், அல்லது அந்த இடம் இருட்டாக இருக்கும். வளைந்ததைப் பார்த்தால் ஊசியை எடுத்து நீங்களே நிமிர்த்தப் போகாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கை தேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் சரியாகி 128 நிலையாகக் காட்டிய பிறகு மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் போட்டு, விண்டோஸ் இல்லாமல் நேரே அதிலிருந்து பூட் செய்து ஓடவிடுங்கள். நாலு சுற்று முடிய 128 ஜிபிக்கு ராத்திரி முழுக்கப் பிடிக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. பிழையே வராவிட்டால் எல்லாம் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. பிராசஸர் சூடாக உழைக்கும்போது மட்டும் தலைகாட்டும் பிழைகள் உண்டு, அதற்கு பிரைம்95 போன்ற ஒன்றைச் சில மணி நேரம் ஓட்டவேண்டும். டிடிஆர்5-இல் உள்ளேயே ஈசிசி என்ற பிழை திருத்தும் வசதி இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்தும். சிப்பிலிருந்து பிராசஸருக்கு வரும் வழியில் கெட்டுப்போவதை அது பார்க்காது.

சரி, கீபோர்டுக்கு வருவோம். டெலீட் அழுத்தும் நேரத்தில் வேலை செய்யாமல் விண்டோஸில் வேலை செய்கிறது என்றால் கீபோர்டு நல்ல நிலையில்தான் இருக்கிறது. பயாஸில் ஃபாஸ்ட் பூட் ஆனில் இருந்தால் நேரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பி சாதனங்களைத் தொடாமலே தாண்டிவிடும். அதை ஆஃப் செய்ய பயாஸுக்குள் போகவேண்டும், போகத்தான் முடியவில்லை. அதற்கு விண்டோஸ் வழியாகவே போங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீலப் பக்கம் வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் மெஷின் நேராக பயாஸில் போய் நிற்கும். அங்கே ஃபாஸ்ட் பூட்டை ஆஃப் செய்யுங்கள், 'லெகஸி யுஎஸ்பி சப்போர்ட்' இருந்தால் ஆன் செய்யுங்கள். கீபோர்டு அங்கேயும் எடுபடாவிட்டால் மவுஸை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

அதற்குப் பிறகும் பயாஸில் கீபோர்டு எடுபடவில்லை என்றால் வேறு காரணம். பயாஸ் கீபோர்டோடு பேசுவது பூட் புரோட்டோகால் என்ற மிக எளிய முறையில். ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை போக ஒரே நேரத்தில் ஆறு விசைகளுக்குத்தான் அதில் இடம். எத்தனை விசையை ஒன்றாக அழுத்தினாலும் பதிவாகும் வகையில் வரும் சில கேமிங் கீபோர்டுகள் இந்தப் பழைய முறையைச் சரியாக ஏற்பதில்லை. சிலவற்றில் அதற்கென்றே பயாஸ் மோடு ஒன்று கொடுத்திருப்பார்கள், மேனுவலில் பாருங்கள். எதற்கும் ஒரு சாதாரண வயர் கீபோர்டை வீட்டில் வைத்திருப்பது நல்லது. புளூடூத் கீபோர்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள், பயாஸில் பொதுவாக அது வேலை செய்யாது.

வயரை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மானிட்டரில் உள்ள ஹப், கேபினெட்டின் முன் போர்ட், ஒரே கீபோர்டைப் பல கம்ப்யூட்டருக்கு மாற்றும் கேவிஎம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு போர்டின் பின்பக்கம் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். நம் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அந்த விளக்கைப் போட்டு அணைப்பது கீபோர்டு இல்லை, கம்ப்யூட்டர். தட்டியதும் விளக்கு மாறினால் விசை அழுத்தியது கம்ப்யூட்டருக்குப் போய், பதிலும் திரும்பி வந்துவிட்டது. விண்டோஸில் கீபோர்டு அசையாமல் நிற்கும்போது நம் லாக் விளக்கு மட்டும் மாறினால் தொடர்பு அறுபடவில்லை, சாஃப்ட்வேர் பக்கம் தேடவேண்டும். வலது ஷிஃப்டை எட்டு நொடி தெரியாமல் அழுத்திவிட்டால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் கிளம்பும், அதுவும் கீபோர்டு கெட்டமாதிரியே இருக்கும்.

விளக்கும் மாறவில்லை என்றால் தொடர்பே போயிருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை ஆஃப் செய்து பாருங்கள். உங்களுடையது டாங்கிள் வைத்த வயர்லெஸ் கீபோர்டு என்றால், பக்கத்திலேயே யுஎஸ்பி 3 சாதனம் இருந்தால் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தாலே போதும்.

இதற்கும் ரேமுக்கும் சம்பந்தம் இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கலாம் என்பதுதான் நேர்மையான பதில். யுஎஸ்பி போர்ட்டுகளில் சில நேரே பிராசஸரிலிருந்தும் மற்றவை சிப்செட்டிலிருந்தும் வருகின்றன. ரேமின் வேகத்தோடு பிராசஸரின் உள்தொடர்பு வேகத்தையும் ஏற்றிவைத்தால் யுஎஸ்பி அறுந்துபோவதாகப் பலர் சொல்கிறார்கள், நானும் கண்டதுண்டு. ஓவர்கிளாக் இல்லாமலும் இது நடந்திருக்கிறது. 2021-இல் ஏஎம்டியின் 500 வரிசை போர்டுகளில் யுஎஸ்பி விட்டுவிட்டு வந்ததை அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு, அஜீசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) 1.2.0.2 உள்ள பயாஸில் திருத்தம் கொடுத்தது. அதனால் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். பிறகு ரேமை 3600-இலேயே விட்டுவிட்டு சில நாள் பாருங்கள். அப்போது அறுபடாமல் இருந்து, வேகத்தை ஏற்றியதும் அறுபட ஆரம்பித்தால் காரணம் தெரிந்துவிட்டது. 3600-இலும் அறுபட்டால் ரேமை விட்டுவிட்டு போர்ட், வயர், கீபோர்டு என்று தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இன்னும் மேலே உள்ள போர்டு இதையெல்லாம் தீர்க்குமா என்றால், தீர்க்காது. எக்ஸ்870 போர்டில் ஒரு சிப்செட் சிப், எக்ஸ்870ஈ-யில் அதே சிப் இரண்டு. முந்தைய எக்ஸ்670ஈ-யிலும் இருந்தது அதே சிப்தான். கூடுதல் சிப்பால் போர்ட்டுகளும் எஸ்எஸ்டி ஸ்லாட்டுகளும் அதிகமாகும், ரேம் சேனல் இரண்டுக்கு மேல் ஏறாது. பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம்மும் ஒரு அளவுக்கு மேல் போனால் 9950எக்ஸுக்கு வித்தியாசமே தெரியாது. விலை கொடுக்கத் தகுந்தவை என்று நான் நினைப்பது பூட் எங்கே நிற்கிறது என்று இரண்டு இலக்க டீபக் கோடு காட்டும் சின்னத் திரை, பிராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் போடும் பட்டன், பின்பக்கம் சிமாஸ் கிளியர் பட்டன். உங்களைப் போன்ற நாளில் இவைதான் கை கொடுக்கும். வாங்குமுன் மேனுவலை இறக்கி எந்த ஸ்லாட் எதோடு லேனை (தகவல் போகும் தடத்தை) பங்கு போடுகிறது என்று படியுங்கள். பல எக்ஸ்870ஈ போர்டுகளில் யுஎஸ்பி4-உம் எஸ்எஸ்டி போடும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் ஒரே லேன்களைப் பகிர்ந்துகொள்கின்றன, சிலவற்றில் எம்.2-வை நிரப்பினால் கிராஃபிக்ஸ் கார்டு எக்ஸ்8-க்கு, அதாவது எட்டு லேனுக்கு, இறங்கும். ரேம் அதிகம், வேகமும் விடக்கூடாது என்று உங்கள் வேலையே கேட்டால் இந்த சாக்கெட்டை விட்டு நாலு சேனல் உள்ள த்ரெட்ரிப்பர், டிஆர்எக்ஸ்50 பக்கம் போகவேண்டும். அதற்கு வேண்டியது சர்வர்களில் போடும் ஆர்டிம் வகை ரேம், இப்போது இருக்கும் ரேம் அதில் பொருந்தாது.

பயாஸ் அப்டேட் செய்து, கூலரைச் சமமாக இறுக்கி, பிராசஸரை எடுத்து மறுபடி வைத்து, நல்ல ரேமைப் போட்டும் அந்த ஒரு ஸ்லாட் மட்டும் பிடிவாதமாக வேலை செய்யவில்லை என்றால் அப்போது போர்டைத் திருப்பிக் கொடுங்கள். எந்த ஸ்லாட்டில் எந்த ரேம் போட்டபோது என்ன நடந்தது என்று எழுதிய தாளையும் கூட வையுங்கள். அனுப்புமுன் சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிட்டு, போர்டோடு வந்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டு மூடுங்கள். பின் வளைந்த நிலையில் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் வாரண்டி தரமாட்டார்கள்.